உப்புத் தே குடித்த மாமாவுக்கு

மாமா,

இன்றைக்குக் காலையில் நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் புகை அடிக்கிறவர் வந்தார். முதுகில் பீரங்கி மாதிரி ஒரு யந்திரம், வாயில் துணி, கையில் குழாய். பின்னால் உள்ள வீடுகளில் யாருக்கோ டிங்கிக் காய்ச்சலாம். டீசலும் மருந்தும் கலந்த அந்த நாற்றம் கிளம்பியதும் எல்லார் வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. நான் மட்டும் வெளியே போய் நின்றேன், நீங்கள் நிற்பீர்களே, அதே இடத்தில். இடுப்பில் கை வைத்து, புகைக்குள் பாதி ஆள் காணாமல் போய், "கொசுவா? இன்னமும் கொசுதானாடா?" என்று கத்துவீர்களே, அதையும் கத்திப் பார்த்தேன். அந்த மனிதர் பாவம், தமிழ் தெரியாதவர். பயந்துபோய் அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டார்.

அத்தை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "மாமனும் மருமவளும் ஒரே கேஸுலா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அத்தை சிரித்தார் என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது எப்படி நடந்தது என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உங்கள் பழைய வேனுக்கும், முன்னால் போவதைவிடப் பின்னால் போவதுதான் நன்றாக வரும்.

அந்த வேனுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைத்தது நான்தான். வேன்தான், ஆனால் வேண்டாம். தோட்டத்தில் செம்பனை வெட்டுவது இப்போதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். நம்மவர்கள் லயத்தில் படுத்தெழுந்து நீலாய்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். அவர்களை ஏற்றிப்போய் இறக்கி, திரும்ப ஏற்றி வருவது உங்கள் பிழைப்பு. 'வேண்டாம்' வேனில் ஒரு கண்ணாடியும் முழுசாக மூடாது. மழை வெளியே பெய்தால் உள்ளேயும் பெய்யும். முடி கலைகிறது, பவுடர் கரைகிறது என்று அக்காமார்கள் திட்டத் திட்ட, நீங்கள் கண்ணாடியில் பார்த்து, "இலவசமா குளிச்சிட்டுப் போங்கலா" என்பீர்கள்.

உங்களை ஏமாற்றுவதுதான் எனக்கு அப்போது முழுநேர வேலை. பள்ளிக்கூடம் பகுதிநேரம். ஸ்டீயரிங்கில் ரப்பர் பல்லி ஒட்டியிருக்கிறேன். நீங்கள் தூங்கும்போது மீசைக்கு ரிப்பன் கட்டியிருக்கிறேன். எதற்கும் நீங்கள் அசைந்ததே இல்லை. ஒரு நாள் உங்கள் தே-ஓவில், அந்தப் பாலில்லாத் தேநீரில், சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். நீங்கள் உறிஞ்சினீர்கள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு கிளாஸை நீட்டி, "இனிப்பு கம்மிலா. இன்னொரு கிளாஸ் கொண்டா" என்றீர்கள். சர்க்கரைச் சாடியைத்தான் எடுத்துவிட்டேனோ என்று அடுத்த கிளாஸை நான் வாயில் வைத்துப் பார்த்து, லோங்காங் சாக்கடை வரை ஓடித் துப்பினேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் சிரித்தீர்கள். லயமே எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தீர்கள்.

புகை நாற்றத்தைக் கண்டால் ஏன் அப்படிக் கத்துகிறீர்கள் என்று நான் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்டிக்சன் கடலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் எல்லாரும் தூக்கம். உங்கள் பக்கத்து சீட்டில் நான், கால் முழுக்க மணலோடு.

"எனக்கு அப்போ பதினேழு வயசு. படிப்ப விட்டுட்டு பன்னிப் பண்ணையில கொட்டகை கழுவுற வேல. கூட என் கூட்டாளி சேகர். அவனும் ஒன்ன மாதிரி வாலுதான்" என்று தொடங்கினீர்கள்.

பன்றிகளுக்கு ஒரு மாதிரி இருமல் வந்ததாம். அடுத்த பண்ணை வரைக்கும் கேட்குமாம். பிறகு ஆட்களுக்குக் காய்ச்சல், தலைவலி, மயக்கம்.

"எல்லாரும் கொசுதான்னாங்க. புகை அடிச்சாங்க, அடிச்சாங்க, அப்படி அடிச்சாங்க. ஊசியும் போட்டாங்க. நானும் போட்டேன், அவனும் போட்டான். ஊசி போட்ட கையோட மறுநாளு கொட்டகை கழுவப் போனோம். கொசுவுக்குத்தான் ஊசி போட்டாச்சே, இனி என்ன பயம்னு."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் வரல."

கொசு இல்லை, இது புதுக் கிருமி, பன்றியிடமிருந்து ஆளுக்கு வருகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். பன்றிக்கு எங்கேயிருந்து வந்தது என்று இன்னும் தேடிப் பழந்தின்னி வௌவாலில் போய் நின்றார்கள். கொட்டகை ஓரத்துப் பழமரங்களில் அவை கடித்துப் போட்டதைக் கீழே பன்றி தின்றிருக்கிறது. நீங்களும் சேகரும் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்து சோறு தின்பீர்களாம். பன்றிகளை அழித்த பிறகு காய்ச்சல் நின்றது. ஆனால் கிருமிக்கு அங்கே இருந்த கம்பத்தின், அதுதான் கிராமத்தின், பெயரையே வைத்துவிட்டார்கள். நிப்பா என்று இப்போது உலகத்தில் எவனோ எங்கேயோ சொன்னாலும் அது நம் பக்கத்து ஊர்.

"ஒரு நாளு பஸ்ஸுல வர்றேன். மம்பாவ் தாண்டறப்ப பக்கத்துல இருந்த அண்ணன், எந்தப் பக்கம் தம்பின்னாரு. சொன்னேன். மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. பஸ்ஸுல வேற எடமே இல்ல. சிரம்பான் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாரு."

"கோவம் வரலியா மாமா?"

"வந்துச்சு. ஆனா எனக்கு ரெண்டு சீட்டு கெடச்சுச்சுல்ல?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். "அப்போ, எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சது நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன். தோட்டத்து மண் ரோட்டில் திரும்பும்போது கியரை மாற்றிக்கொண்டே, "சேகருக்கு முன்னாலயே கண்டுபிடிச்சிருந்தா நல்லது" என்றீர்கள்.

இப்போது எனக்குப் பதினேழு, மாமா. அப்போது உங்களுக்கு இருந்த அதே வயசு.

'வேண்டாம்' போய்ப் புது வேன் வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அக்காமார்கள் தொழிற்சாலை மேலாளரிடம் போய் நின்று, கெஞ்சி வாங்கிய ஏசி வேன். குலவை ஒன்றுதான் போடவில்லை, மற்றபடி எல்லா மரியாதையும் நடந்தது. கண்ணாடி இறக்கினால் குளிர் போகும் என்று எல்லாவற்றையும் இறுக்க மூடச் சொன்னார்கள். முன் கதவோரக் கண்ணாடி மட்டும் ஒரு விரல் இடுக்கு விட்டு நின்றுவிடும், எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. நீங்கள் முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "மீன் டின்னுக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்குலா" என்றீர்கள். டின்னிலிருந்த மீன்களுக்கு அது பிடித்திருந்தது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குளிருக்கு இதமாகத் தூங்கிக்கொண்டே போனார்கள்.

அந்த வேனில்தான் கொரோனாவும் ஏறியது.

அந்த நாளை எழுதாமல் தாண்டிப் போக எனக்கும் ஆசைதான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து முன்வாசலில் உட்கார்ந்தீர்கள். ரொம்ப நாளாயிற்றே என்று நான் மறுபடியும் உப்புத் தே கலக்கிக் கொடுத்தேன். குடித்தீர்கள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "இனிப்பு கம்மிலா" என்றீர்கள். மாமா இன்னும் அதே நடிகர்தான் என்று நான் தரையில் உருண்டு சிரித்தேன். நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "ஏன் சிரிக்கிற?" என்றீர்கள். அந்தக் கேள்வி நடிப்பு இல்லை என்று உங்கள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு நின்றது. கிளாஸின் விளிம்பை நக்கிப் பார்த்தீர்கள். பிறகு கிளாஸைத் தரையில் வைத்து, என் பக்கம் தள்ளாமல் உங்கள் பக்கமே இழுத்துக்கொண்டு, "அக்கா, பிள்ளைய உள்ள கூப்பிடு. யாரும் என் கிட்ட வராதீங்க" என்று அம்மாவைப் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது மீசையை முறுக்கி, ரிப்பன் கட்டுகிற மாதிரி எனக்குச் சாடை காட்டினீர்கள். அதற்குப் பிறகு உங்களை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

நீங்கள் போன பிறகு லயம் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: யார் கொண்டுவந்தது? அம்மை போட்டால் இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. அம்மா வந்திருக்கா என்பார்கள், வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், அவ்வளவுதான். கொரோனாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. தினமும் வெளியே போய்வந்தவர் யார்? வேன்காரர். செத்தது யார்? வேன்காரர். கணக்கு முடிந்துவிட்டது. தேடுவது இவ்வளவு சுலபம் என்றால் விஞ்ஞானிகள் எதற்கு?

அடுத்த ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வீட்டுக் கூழும் பானையில் வந்து கோயில் அண்டாவில் கலந்த பிறகுதான் எல்லாருக்கும். கலந்துவிட்டால் எது யார் வீட்டுக் கூழ் என்று மாரியம்மனாலேயே சொல்ல முடியாது. அத்தை பானையோடு போய் நின்றார். பாக்கியம் பெரியம்மாதான் வழக்கம்போல அண்டாவுக்குப் பொறுப்பு. "அண்டா நெறைஞ்சிருச்சும்மா" என்றார். அண்டாவில் பாதிகூட இல்லை. அத்தை பானையை இடுப்பில் ஏற்றி வீட்டுக்குத் திரும்பினார். முதல் வருஷம் அது பயம். அதற்குப் பிறகு பழக்கம். பயத்தையாவது மருந்து கொடுத்துப் போக்கலாம். நான்கு வீடு தள்ளி இருக்கிறவர்கள் அத்தையிடம் சிரித்துப் பேசுவார்கள், கருவேப்பிலை கேட்பார்கள். கூழ் என்றால் மட்டும் அண்டா நிறைந்துவிடும்.

இடையில் எனக்குச் சடங்கு வந்தது. தாய்மாமன் சீர்த்தட்டை யார் தூக்குவது என்று அம்மா விழித்துக்கொண்டிருந்தபோது, அத்தை உங்கள் சட்டையை மடித்துத் தட்டின் நடுவில் வைத்து, தானே தூக்கிக்கொண்டு வந்தார். கிண்டல் செய்ய எனக்கு எதுவுமே தோன்றாத நாள் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் ஆடி நெருங்கும்போது அத்தை, கிள்ளானில் இருக்கும் தன் தம்பி வீட்டோடு போய்விடுவதாகச் சொன்னார். "இங்க எனக்கு யாருடி இருக்கா?" என்றார். "நான் இருக்கேன்ல?" என்றேன். "நீ இருக்க. ஒன் மாமனத்தான் இன்னமும் தெனமும் சாகடிக்கிறாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அது உண்மையில் எங்கேயிருந்து வந்தது என்று நானே கேட்கப் போகிறேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"எங்கேருந்து வந்தா என்னடி? தெரிஞ்சா என் தம்பி எந்திரிச்சு வந்துடுவானா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நம் ஆட்கள் மூடமாட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போய், "ருசி போனப்போ என்ன தின்னீங்க?" என்று மட்டும் கேட்டேன். கதை கொட்டியது. வேனில் நடுவரிசையில் உட்காரும் தேவன் அண்ணன், நோன்புச் சந்தையில் வாங்கிய ரெண்டாங் கறி சப்பென்று இருந்ததென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாராம். "அவரு நல்லாத்தான் ஆக்கிருக்காருலா, என் நாக்குதான் செத்துப் போச்சு" என்று இப்போது வெட்கப்பட்டார். முன் கதவோரம் உட்காரும் முனியம்மா அக்காவுக்கு ருசியே போகவில்லை. காய்ச்சலும் இல்லை. "அந்த வெளங்காத ஜன்னலு மூடாம தெனமும் என் தோளு நனையும். ஒன் மாமன்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருச்சு. சளிகூட புடிக்கல பாரேன்!" என்றார்.

கேட்கக் கேட்கச் சீட்டு வரிசை என் மண்டைக்குள் படமாக வந்தது. பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு முதலில். இறுக்க மூடிய நடுவரிசைக்கு அடுத்து. கடைசியில்தான் ஓட்டுநர் சீட்டு. நீங்கள் உப்புத் தே குடித்ததற்கு முந்தைய நாள்தான் அம்மாவின் சம்பலைத் தின்றுவிட்டு, "அக்கா, மொளகா தோட்டத்தையே அரைச்சிட்டியா?" என்று கத்தினீர்கள். அன்றைக்கு உங்கள் நாக்கு உயிரோடு இருந்தது.

கடைசியாக, வேனில் பின் சீட்டில் உட்காரும் அக்கா ஒருவர் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "எங்க வீட்டுக்காரரு டுரியான் வாங்கிட்டு வந்தாருடி. ஊரே மணக்குற பழம், ஒடைச்சா வாசமே இல்ல. ஏமாந்துட்டாருன்னு திட்டிக்கிட்டே தின்னேன். அது எப்போன்னா, ஒன் மாமன் சம்பலு காரம்னு வேன்ல ஒரே பொலம்பலு பொலம்புனாருல்ல, அதுக்கும் நாலஞ்சு நாளு முன்னாலயே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வேனில் முதல் ஆள் தான்தான் என்று அவருக்கு இவ்வளவு நாள் தெரியாது, மாமா. அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. "தே கலக்கவா?" என்றார். "வேணாம்க்கா, பசியாறிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். (பழம் டுரியான் இல்லை. நீங்கள் துப்பறியக் கூடாது என்று மாற்றியிருக்கிறேன்.)

ஆக, என்னிடம் ஒரு பெயர் இருந்தது. அதை அண்டாவுக்கு முன்னால் போய்ச் சொன்னால் உங்கள் பெயர் கழுவினாற்போல ஆகிவிடும். அடுத்த ஆடியில் அந்த அக்கா பானையோடு வீட்டுக்குத் திரும்புவார். அவருக்கு எங்கேயிருந்து வந்தது? வேலையில் பக்கத்தில் நின்றவரிடமிருந்து இருக்கலாம். அவருக்கு? கேட்டுக்கொண்டே போனால் கடலைத் தாண்டி, முதன்முதலாக ஒருவர் இருமிய இடத்துக்குப் போக வேண்டும். அங்கே பெரிய பெரிய நாடுகள் நின்றுகொண்டு, உன் பானையை எடு, உன் பானையை எடு என்று நம் லயத்துக்காரர்களைப் போலவே ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா மாதிரி ஆட்கள், தேடவே வேண்டாம் என்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குச் சேகர் அண்ணன் குறுக்கே வருகிறார். தப்பான இடத்தில் தேடி, புகை அடித்து, ஊசி போட்டு, அதை நம்பி மறுநாள் கொட்டகை கழுவப் போனவர். தேடாமல் விட்டிருந்தால் அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் அந்த மரத்தடியில் சோறு தின்றிருப்பார்கள், நீங்கள் உள்பட?

ஆடி வந்தது. அத்தை கூழ் காய்ச்சமாட்டேன் என்றுவிட்டார். நான் காய்ச்சினேன். கட்டி தட்டிப்போயிருந்தது, கோபிக்காதீர்கள். பானையைத் தூக்கிக்கொண்டு நேராக அண்டாவுக்குப் போனேன். அத்தை பின்னாலேயே ஓடிவந்து கோயில் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்.

"நெறைஞ்சிருச்சுடா கண்ணு" என்றார் பாக்கியம் பெரியம்மா.

நான் எட்டிப் பார்த்தேன். "பெரியம்மா, இதுக்குள்ள எறங்கி நான் நீச்சல் பழகலாம். இதுவா நெறைஞ்சது?"

சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "அது வேன்காரரு வீட்டுதுலா" என்றது. சிரிப்பு நின்றது.

"மாமாவுக்கு முன்னாலயே வேன்ல காய்ச்சல் இருந்துச்சு. நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்" என்றேன்.

"யாருக்குடி?"

பத்துப் பேர் ஒரே மூச்சில் கேட்டார்கள். அந்த அக்கா அண்டாவுக்கு அந்தப் பக்கம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. கை மட்டும் நின்றது. வேலிக்கு வெளியே அத்தை. பெயர் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது, மாமா. ஒரு சொல்தான்.

"ஏசிக்கு" என்றேன். "கெஞ்சி வாங்குனோமே, அந்த ஏசிக்கு. ஜன்னல மூடுன எல்லாருக்கும் வந்துச்சு. மூடாத ஜன்னலுகிட்ட ஒக்காந்த முனியம்மாக்காவுக்கு வரல. மாமா கடைசி. பத்துப் பேரு வெச்சு இதுக்கு மேல எனக்கு உறுதியா சொல்லத் தெரியாது. ஆனா இன்னிக்கும் அதே வேனு, அதே மூடுன ஜன்னலு. நாளைக்கு இன்னொண்ணு வந்தா அப்பயும் ஓட்டுறவரத்தான் திட்டுவீங்களா?"

பெரியம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அந்த அக்கா எழுந்து வந்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஒரு குவளையை எடுத்து, அண்டாவில் விடாமல் என் பானைக்குள் விட்டு, மொண்டு, நின்ற இடத்திலேயே குடித்தார். "கட்டியா இருக்கு" என்றார். பிறகு பானையின் அடியை ஒரு கையால் தாங்கி, "ஊத்துடி" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சாய்த்தோம். கலந்துவிட்டது. இனி எது யார் வீட்டுக் கூழ்?

வேலிக்கு வெளியிலிருந்த அத்தையைப் பெரியம்மாவே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கிள்ளான் பேச்சு அதற்குப் பிறகு எடுபடவில்லை. வேனை இப்போது ஓட்டுகிறவர் ஏசியைப் போடுவதில்லை, போடவிடுவதில்லை. பவுடர் கரைந்தாலும் ஜன்னலைத் திறக்கிறார்கள். முனியம்மா அக்கா தன் கதவோர சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அம்மா மட்டும் இன்னும் கேட்கிறார், "தம்பி வந்துட்டானா?" என்று. வரவில்லை. அது எனக்கும் தெரியும். புகை அடங்கிய பிறகும் இன்றைக்கு அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன், ஒருவேளை புகை விலகினால் மீதிப் பாதி ஆளும் தெரிவாரோ என்று.

அந்தப் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம்கூட. அன்றைக்கு அண்டாவுக்கு முன்னால் அதை அப்படியே விழுங்கினேன். உப்பாகத்தான் இருந்தது. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை, மாமா. உங்களிடம் படித்ததுதான்.

இன்னொரு கிளாஸ் கேட்கத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.